தாமதம் தெரிந்த நாளிலேயே உதவி தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ச்சித் தாமதமோ, பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு தெரியும் ஆட்டிசம் என்ற வளர்ச்சி நிலையோ உள்ள சிறு குழந்தைகளுக்கு அரசு செய்ய வேண்டிய உதவியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எவ்வளவு நிதி, எத்தனை மையங்கள் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. உதவி எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதை யாரும் அழுத்திக் கேட்பதில்லை. குழந்தையிடம் ஏதோ தாமதம் தெரிகிறது என்று பெற்றோரோ செவிலியரோ சொன்ன நாளில் தொடங்க வேண்டுமா, மதிப்பீடு முடிந்து மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் தொடங்க வேண்டுமா என்பதே ஆறு வயது மகனின் தாயாக நான் கேட்க விரும்பும் கேள்வி. எங்களுக்கு நடந்தது இரண்டாவது. அதனால் என் மகன் இழந்த மாதங்களை இன்றும் நான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஒன்றரை வயதில், பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பமாட்டான். காது கேட்கவில்லையோ என்று பயந்தால், அடுத்த அறையில் பிளாஸ்டிக் பை கசங்கும் மெல்லிய ஓசைக்கு ஓடிவந்து நிற்பான். கதவைத் திறக்க வேண்டுமென்றால் கதவைச் சுட்டிக்காட்டவோ என் முகத்தைப் பார்க்கவோ மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைத் தூக்கிக் கதவின் கைப்பிடிமேல் வைப்பான். என் கை மட்டும் அவனுக்குப் போதும் போலிருக்கிறதே என்று மனம் வலிக்கும். ஆனால் அதை யாரிடம், எந்தச் சொல்லால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும், அவன் அப்பாவுக்கும் பேச்சு தாமதம்தான்” என்று பெரியவர்கள் சொன்ன ஆறுதலை நம்ப ஆசைப்பட்டேன், நம்பவும் செய்தேன்.

இரண்டு வயது முடிந்ததும் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். காது பரிசோதனையில் குறை ஏதுமில்லை என்றார்கள். வளர்ச்சி மதிப்பீட்டுக்குப் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். முறை வருவதற்குப் பதினொரு மாதங்கள் ஆயின. அறிக்கை வந்தபின் சான்றிதழுக்கு மூன்று மாதம், சான்றிதழ் வந்தபின் பேச்சுப் பயிற்சிக்கான காத்திருப்புப் பட்டியலில் ஐந்து மாதம். முதல் தெரபி வகுப்புக்கு நாங்கள் போனபோது அவனுக்கு மூன்று வயது எட்டு மாதம். இடைப்பட்ட அந்த ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலத்தில், வீட்டில் அவனோடு நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களில் எவரும் கெட்டவர் அல்லர். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே இருந்த கட்டம் நிரம்பாமல் எதையும் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

முதல் வகுப்பில் அந்தத் தெரபிஸ்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: “அவன் உங்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது உடனே கதவைத் திறந்துவிடாதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, முகத்தை அவனுக்கு எதிரே வைத்துக்கொண்டு ஐந்து நொடி காத்திருங்கள். கண் உங்கள் பக்கம் வந்த கணத்தில் ‘திற’ என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லித் திறங்கள்.” நான் காத்திருந்தேன். முதல் சில நாட்கள் அழுதான், கதவில் தலையை முட்டினான். அப்போதெல்லாம் காத்திருப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், குறைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். இரண்டு மாதம் கழித்துத் ‘தி’ என்றான். அந்தக் கதவோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அறிவுரையைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கருவி எதுவும் தேவைப்படவில்லை. அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோதே அதை யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இது ஒரு தாயின் ஆதங்கம் மட்டுமல்ல. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசமுள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடத்தப்பட்டு, 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சிறப்பு மருத்துவர்களுக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோவாக எடுத்து, பிறகு பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்து, “இதோ இந்த இடத்தில் குழந்தை உங்களை அழைத்தது, நீங்கள் கவனித்துப் பதில் சொன்னீர்கள்” என்று காட்டுவதே முறை. பெற்றோர் குழந்தையின் போக்கையறிந்து பதிலளிப்பது கூடியது. குழந்தைகள் தாமாகப் பெற்றோரை நாடுவதும் கூடியது. ஆஸ்திரேலியாவில் ஆட்டிசத்தின் ஆரம்ப அறிகுறிகள் தெரிந்த ஏறக்குறைய ஒரு வயதுக் கைக்குழந்தைகளிடம், மருத்துவர் அந்த நிலைக்கு எந்தப் பெயரும் சூட்டுமுன்பே, இதையொத்த வீடியோ முறையைக் கையாண்டு 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அக்குழந்தைகள் மூன்று வயதை எட்டியபோது, வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் மிகக் குறைவானவர்களே ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பெற்றோர் பயிற்சித் திட்டமும் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு ஒன்பது குழு வகுப்புகளையும் மூன்று வீட்டு வருகைகளையும் கொண்டது. அதை நடத்தச் சிறப்பு நிபுணர்கள்தான் வேண்டும் என்பதில்லை. அதில் சேரக் குழந்தைக்கு நோயறிதல் முடிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2006இல் ஏற்கப்பட்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, மறுவாழ்வுச் சேவைகள் இயன்றவரை மிக முந்திய கட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1986இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே வந்த திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ‘வளர்ச்சித் தாமதம்’ என்பதே உதவி பெறப் போதுமான காரணம். குழந்தையைப் பற்றித் தகவல் வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் வகுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நாட்டிலும் ஆட்டிசம் என்ற நோயறிதல் கிடைக்கும் இடைநிலை வயது ஏறக்குறைய நான்கு, அதாவது பாதிப் பேருக்கு அது அதற்குப் பிறகே கிடைக்கிறது என்பதைப் பார்த்தால், பெயருக்காகக் காத்திருக்கக்கூடாது என்ற விதி ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். இந்தியாவில் 2013இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டமும் வளர்ச்சித் தாமதம் தெரிந்த குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது சிறு வயதிலேயே உதவி தொடங்குவதற்கான மையத்துக்கு, அனுப்பச் சொல்கிறது. வழி காகிதத்தில் இருக்கிறது. அந்த வழியில் ஒரு குழந்தை எத்தனை நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதற்குத்தான் கெடு வேண்டும்.

சான்றிதழ் இல்லாமல் உதவி கொடுத்தால், தேவையில்லாதவர்களுக்கும் அது போய்விடாதா என்று கேட்பார்கள். போகலாம். தானாகவே பேசக்கூடிய ஒரு குழந்தையின் தாய்க்கும், குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று பத்து வகுப்பு நடத்தியிருப்போம். அதில் அந்தக் குழந்தைக்கு ஒரு தீங்கும் இல்லை. மாதாந்திர உதவித்தொகை, காப்பீடு, பள்ளிச் சலுகைகள் போன்ற நீண்டகால உரிமைகளுக்குச் சான்றிதழ் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. பெற்றோருக்கு வழிகாட்டுவதையும் பேச்சுப் பயிற்சியையும் அதே பூட்டுக்குள் வைத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன். காத்திருக்கும் மாதங்கள் வேறொரு ஆபத்துக்கும் கதவைத் திறந்துவிடுகின்றன. அரசு ஒன்றும் சொல்லாத அந்த இடைவெளியில்தான், ஆட்டிசத்தை அடியோடு போக்குகிறோம் என்று வாக்குறுதி தரும் போலி சிகிச்சைக்காரர்கள் பெற்றோரிடம் வந்து சேர்கிறார்கள். எங்களிடமும் வந்தார்கள். நாங்கள் ஏமாறாமல் தப்பியது அறிவினால் அல்ல, கையில் பணம் இல்லாததால்.

ஆரம்ப உதவியின் நோக்கம் குழந்தையை வேறொருவனாக மாற்றுவது என்று நான் கருதவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பசிக்கிறது, வலிக்கிறது, இந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்பதைப் பேச்சாலோ படஅட்டையாலோ சைகையாலோ அவன் சொல்ல முடிய வேண்டும். சொன்னதைப் புரிந்துகொள்ள எங்களுக்கும் தெரிய வேண்டும். படஅட்டை வழியே பேசும் பிள்ளையும் பேசுகிற பிள்ளைதான்.

அரசிடம் நான் வேண்டுவது பெரிய கட்டடங்களை அல்ல. ஒன்றரை வயதை ஒட்டிக் குழந்தைகள் எப்படியும் தடுப்பூசிக்கு வருகிறார்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்காகப் பல நாடுகளில் பயன்படும் எம்-சாட் என்ற வினாப்பட்டியலில் இருபதே கேள்விகள்தான். தாய் காத்திருக்கும் நேரத்துக்குள் அவற்றைக் கேட்டு முடித்துவிடலாம். அந்தக் கேள்விகள் நோயறிதல் ஆகிவிடாது. ஆனால் பதில்கள் கவலை தரும்படி இருந்தால், மதிப்பீட்டுக்கு முறை வரும்வரை காத்திருக்கச் சொல்லாமல், அந்த வாரமே பெற்றோர் பயிற்சியில் சேர்த்துவிட வேண்டும். பெண் குழந்தைகளிடம் அறிகுறிகள் பல சமயம் கண்ணில் படாமல் போய்விடுகின்றன என்பதையும் அந்தக் கேள்விகளைக் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு நாள் கெடு விதித்து, கெடு தவறினால் ஏன் தவறியது என்று எழுத்தில் பதில் தரவேண்டும் என்று விதி செய்ய வேண்டும். தெரபி அறைக்குள் தாயோ தந்தையோ உடன் உட்கார வேண்டும். வாரத்தில் முக்கால் மணி நேரம் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் பயிற்சி, மீதி நேரமெல்லாம் குழந்தையோடு இருப்பவர்களுக்குத் தெரியாமல் போனால் அதில் பாதிப் பயன் வீண். இவற்றைச் செய்யப் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறிப் போனால், ஒரு முகத்துக்குப் பழகவே அரையாண்டு எடுத்துக்கொள்ளும் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் தெரபி மையத்தின் நடையில் என்னருகே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு வயது மூன்று மாதக் குழந்தை. விண்ணப்பம் கொடுக்க வந்தவர். என் மகன் அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்டதைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதை எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்?” என்றார். கதவு, கைப்பிடி, ஐந்து நொடி எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ரசீதின் பின்புறத்தில் அவர் அதை எழுதிக்கொண்டார். அந்த ரசீதின் முன்புறத்தில், மதிப்பீட்டுக்கு வர வேண்டிய நாள் எழுதியிருந்தது. அதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
வளர்ச்சித் தாமதமுள்ள ஒரு குழந்தையின் தாய்