கேப்பிட்டல் படியேறிய 31 பேர் சார்பாக

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சிங்கப்பூரில் எங்கள் வாம்போ வட்டாரத்துப் பெரியவர்கள் 31 பேரைக் கேப்பிட்டல் தியேட்டரில் நடந்த பழைய திரைப்பாடல் கச்சேரிக்கு அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தோம். உதவி செய்தவர்களுக்கு ஒவ்வொருவராக நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால், பாதிப் பேருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. சிலர் பெயரையே சொல்லாமல் உதவிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்தப் பொது மடல். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகக் கேப்பிட்டல், பக்கத்திலேயே வேறு மண்டபம் இல்லையா என்று ஏற்பாட்டின்போது பலர் கேட்டீர்கள். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ‘கேப்பிட்டல்’ என்றால் தியேட்டர் இல்லை, அப்பாவின் வேலையிடம். “அப்பா எங்கே?” என்று யாராவது கேட்டால் “கேப்பிட்டலுக்குப் போயிருக்கார்” என்போம். நாரிஸ் ரோட்டில் நாங்கள் குடியிருந்த அறைக்குப் பக்கத்து அறையில் புதிதாக வந்த ஒரு குடும்பம், அப்பாவைத் தியேட்டர் மேனேஜர் என்றே ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தது. அப்பா அந்த வாசலில் கச்சாங் பூத்தே, அதாவது கடலை, பட்டாணி வகைகளைப் பொட்டலம் கட்டி விற்றவர். ஊரிலிருந்து 1957இல் கப்பலேறி வந்து, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் தட்டை ஏற்றிக்கொண்டு, 80களின் தொடக்கம் வரை அங்கேயே நின்றவர்.

தட்டில் ஆறு அறை. அவித்த கொண்டைக்கடலை, வறுத்த பட்டாணி, சர்க்கரை பூசிய கடலை, முறுக்கு, மரவள்ளிச் சீவல், ஒரு மூலையில் கொஞ்சமாக முந்திரி. அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, முதல் நாள் ஊறப்போட்ட கடலையை அவிப்பார். நாங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன் காகிதப் பொட்டலம் சுருட்ட வேண்டும். பழைய டெலிபோன் புத்தகத் தாள்தான் சுருட்டுவதற்கு நல்லது. அது கிடைக்காத வாரத்தில் எங்கள் பழைய நோட்டுகள் போகும். மூன்றாம் வகுப்பில் நான் தப்பாகப் போட்ட கணக்கு, சிவப்பு மையில் டீச்சர் போட்ட பெருக்கல் குறியோடு, கேப்பிட்டலுக்குள் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்திருக்கும்.

நாங்கள் யாரும் உள்ளே போனதில்லை. அங்கே ஓடியது பெரும்பாலும் இங்கிலீஷ் படம். தமிழ்ப் படம் பார்க்க அதே நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ராயலும் டைமண்டும் இருந்தன. அம்மாவோ கேப்பிட்டலை வெளியிலிருந்துகூட ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். தம்பி பிறந்த மறுமாதம் அவனை அப்பாவிடம் காட்டத் தூக்கிக்கொண்டு போனாராம். பகல் காட்சி விடும் நேரம், வியாபாரம் மும்முரம். அப்பா தட்டை இறக்காமலே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் “போய்ச் சேரு, வெயில்” என்று அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு இப்போது 86 வயது. அப்பா இறந்தது 2009இல். “அந்தத் தியேட்டர் உள்ளே எப்படித்தான் இருக்கும்?” என்று இரண்டு வருடத்துக்கு முன் அம்மா ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார். அங்கே தொடங்கியது எல்லாம். அம்மாவை மட்டும் அழைத்துப்போக நினைத்தேன். அப்புறம் கீழ்வீட்டு அத்தை நானும் வருகிறேன் என்றார். அவருடைய சம்பந்தியம்மா வேண்டும் என்றார். அப்படியே 31 ஆகிவிட்டது.

முதல் நன்றி, டிக்கெட்டில் பாதிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லக்கூடாது என்று கவரில் எழுதியவருக்கு. பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ‘ழ’வை இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிச் சுழிப்பதில்லை, அண்ணே.

அடுத்தது பேருந்து. இதை விவரமாகத்தான் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி ஏற்றும் பேருந்து ஒன்றுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே முன்பணம் கட்டியிருந்தோம். அன்று காலை பதினொரு மணிக்கு, வண்டி பழுது, வராது என்று ஒரு குறுஞ்செய்தி. அவ்வளவுதான். திரும்ப அழைத்தால் எடுக்க ஆளில்லை. புடவை கட்டி, பூ வைத்து, இரண்டு மணிக்கே கீழ்த்தளத்தில் வந்து உட்கார்ந்திருந்த பாட்டிமாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் காப்பிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டவர், பள்ளிப் பேருந்து ஓட்டும் சீன அங்கிள். விஷயத்தைக் கேட்டதும் பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். மூன்று நடை ஓட்டினார். நாற்காலிகளை மடித்துப் பின்னால் அடுக்கியதும் அவரே. பணத்தை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். சிறுவயதில் அண்ணனோடு கேப்பிட்டலில் படம் பார்த்திருக்கிறாராம், வாசலில் ‘கச்சாங் பூத்தே ஆளிடம்’ பத்துக் காசுக்கு வாங்கித் தின்றிருக்கிறாராம். அது என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும் என்று அம்மா மலாயில் சொல்ல, அவர் மலாயில் பதில் சொல்ல, வண்டி ஸ்டாம்ஃபர்ட் ரோடு வரும்வரை இருவரும் விடவில்லை. அந்தத் தலைமுறைக்கு அது ஒரு வசதி. சீனரும் தமிழரும் பேசிக்கொள்ள மலாய் போதும்.

சக்கர நாற்காலி இரண்டு கொடுத்தது மூன்றாம் மாடி மலாய் அக்கா. நோன்புப் பெருநாள் சமையலுக்கு நடுவில் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். தெரிமா காசே, காக் (நன்றி, அக்கா).

தொண்டூழியர்களாக வந்த பாலிடெக்னிக் பிள்ளைகள் ஆறு பேருக்கும் நன்றி. உங்களில் இரண்டு பேர் ஓயாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கவனித்தேன். ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஒரு தாத்தா மெதுவாகச் சொன்னபோது முதலில் எழுந்ததும் அந்த இரண்டு பேர்தான். அதையும் கவனித்தேன்.

கச்சாங் பூத்தே செய்து கொடுத்த குடும்பத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவர்கள் வீட்டுப் பெரியவரும் இந்தத் தொழிலில் இருந்தவர். 40 பொட்டலம் கேட்டோம். சாமான் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். காகிதம் மட்டும் வெள்ளைத் தாள். டெலிபோன் புத்தகத்துக்கு எங்கே போவது! கச்சேரி அரங்குகளில் வெளித் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்ததுதான். அதனால் எல்லாரும் வாசலிலேயே நின்று தின்றோம். மாணவி ஒருத்தி பொட்டலம் எப்படிச் சுருட்டுவது என்று கேட்டாள். அம்மா ஒரு நிகழ்ச்சித் தாளை வாங்கி, நுனியை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே சுழற்று, அடியை ஒரு மடிப்பு. நாற்பது வருடமாகச் செய்யாத வேலை, விரலுக்கு மறக்கவில்லை.

சரி, உள்ளே போவோம்.

வாயிலில் நின்ற இளம்பெண்ணுக்கு என் தனி நன்றி. அம்மா கதவருகே நின்றுவிட்டார், நகரவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல், மற்றவர்களைப் பக்கத்துக் கதவு வழியாக அனுப்பிவிட்டு, “டேக் யுவர் டைம், ஆன்ட்டி” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அரங்குக்குள் மேடையின் இரண்டு பக்கச் சுவரிலும் இறக்கை வைத்த குதிரைச் சிற்பங்கள், மேலே பெண்கள் அமர்ந்திருப்பார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தார். “இவ்வளவு பெரிய குதிரையை உள்ளே வச்சுக்கிட்டு, இதைப் பத்தி உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். அப்பாவும் உள்ளே பார்க்கவில்லை, அம்மா. அவருக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வாசல் கணக்குதான்: உள்ளே 1600 பேர் உட்காரலாம், ஹவுஸ்ஃபுல் என்றால் பத்தில் ஒருவர் வாங்கினாலும் 160 பொட்டலம். சண்டைப் படமென்றால் கடலை, காதல் படமென்றால் முந்திரி. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பத்திரிகைக்கு முன் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

மீதிக் கதையெல்லாம் அப்பா கேட்டது அங்கே இரவுக்காவல் இருந்த பஞ்சாபி ஜாகாவிடம். 1930இல் திறந்த தியேட்டர், கட்டியவர் நமாஸி என்ற பாரசீக வணிகர் என்று அவர் சொல்லி அப்பா எங்களுக்குச் சொல்வார். ஜப்பானியர் காலத்தில் பெயரையே மாற்றி ‘கியோ-ஏய் கெக்கிஜோ’ ஆக்கி ஜப்பானியப் படம் ஓட்டினார்கள். 1944இல் குண்டு வெடித்து முகப்பு சேதமானது. சண்டை முடிந்ததும் 1946இல் ஷா சகோதரர்கள் வாங்கினார்கள். பக்கத்து மெக்னோலியா கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் படத்துக்குப் போவதுதான் அந்தக் காலத்து நாகரிகம். அப்பா எங்களுக்கு அங்கே வாங்கிக் கொடுத்தது ஒரே முறை, அதுவும் மூன்று பேருக்கு ஒரு கிண்ணம்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது, வீடியோ கேசட் வந்தது. தெரு வியாபாரிகளை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். தலைத் தட்டுக்காரருக்கு அங்கே என்ன கடை? அப்பா காவல் வேலைக்குப் போனார். 1992இல் யீஷூனில் ஒரே கட்டடத்தில் பத்துத் திரை திறந்தபோது பெரிய தியேட்டர்களின் கதை முடிந்தது என்றார். 1998 டிசம்பரில் கேப்பிட்டலும் மூடியது. அப்பா பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு 16 வருடத்துக்கு மேல் இருட்டு. 2015 மே மாதம் கச்சேரியும் நாடகமும் நடக்கும் அரங்காகத் திறந்தபோது அப்பா இல்லை.

அதை அப்படியே விட்டிருக்கலாம், சுற்றி ஹோட்டலும் கடைத்தொகுதியும் வந்து பணக்கார இடமாகிவிட்டது என்று நானும் முணுமுணுத்தவள்தான். ஆனால் ராயலும் டைமண்டும் எங்கே இருந்தன என்று என் பேரனுக்குக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். விரல் நீட்ட ஒரு தூண்கூட இல்லை. இயூ டோங் சென் தெருவில் மெஜஸ்டிக் தியேட்டரின் முகப்பு நிற்கிறது, உள்ளே கடைகளாகிவிட்டது. கேப்பிட்டல் தொழிலை மாற்றிக்கொண்டது, ஆனால் இன்னும் மாலையில் விளக்குப் போட்டு ஆட்களை உட்காரவைக்கிறது. எனக்கு அது போதும்.

இப்போது இருக்கை 900க்குக் கொஞ்சம் மேல்தான். இன்னொரு வித்தை, நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து அடியில் கவிழ்த்துவிட்டால் மேலே சமதளம் வந்துவிடும், விருந்துகூட நடத்தலாம். இதை எங்களுக்கு விளக்கிய அரங்கப் பணியாளருக்கு நன்றி, ஆனால் உட்காருவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டாம். எங்கள் கூட்டத்தில் நாலு பாட்டிகள் முதல் மூன்று பாட்டுக்குக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

இசைக்குழுவினருக்கு: நீங்கள் எங்களுக்காக இரண்டு பாடல் கூட்டிப் பாடினீர்கள், நேரம் கடந்தும் வாசித்தீர்கள். தபேலா வாசித்த தம்பி முடிந்ததும் கீழே இறங்கி வந்து சக்கர நாற்காலியில் இருந்த இருவரிடமும் பேசினார். அவர்களில் ஒருவர் அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார், மருமகள் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

இடைவேளையில் அம்மா வெளியே போக வேண்டும் என்றார். களைப்போ என்று நினைத்தேன். படி இறங்கி, சாலையைப் பார்த்து நின்று, “எந்தப் பக்கம் நிப்பார்?” என்று கேட்டார். நான் காட்டினேன். அங்கே போய் ஐந்து நிமிடம் நின்றார். எதிரே தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம், சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகும் கூட்டம். “நிழலே இல்லையே” என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டாம் பாதிக்கு மணி அடித்தது, உள்ளே போனோம்.

என் வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி மூவருக்கும் வீட்டிலேயே நன்றி சொல்லிவிட்டேன். டிக்கெட் போதாமல் விட்டுப்போன மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் பெயர்தான் முதலில்.

கடைசியாக, பேருந்தில் ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு நீலப் பூப்போட்ட குடையும் கிடந்தன. கண்ணாடிக்கு ஆள் வந்துவிட்டது. குடைக்கு இன்னும் வரவில்லை. உங்களுடையது என்றால் சீக்கிரம் வந்து கேளுங்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது தேக்கா சந்தைக்குப் போகிறார்.

அன்புடன்,
கச்சாங் பூத்தேக்காரர் மகள்
வாம்போ