பிற்பகல் இரண்டே காலுக்கு ஐந்து நிமிடம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பினாங்கில் பள்ளிகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "இவ்வளவு புகையும் எங்கேருந்து வருது டீச்சர்?" என்று அப்போது ஒரு மாணவி கேட்டாள். சுமாத்ராவில் நிலம் எரிகிறது, தென்மேற்குப் பருவக்காற்று இங்கே தள்ளிக்கொண்டு வருகிறது என்றேன். வானத்திலிருந்து எடுத்த ஒரு படத்தையாவது அவளுக்குக் காட்டியிருக்கலாம். காட்டாமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

அதனால் இவ்வாண்டு அறிவியல் கழகத்தில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நாசாவின் 'பேஸ்' செயற்கைக்கோளைப் பற்றிப் படிக்கிறார்கள். 2024 பிப்ரவரி 8-இல் ஏவப்பட்ட அது, ஏறக்குறைய 676 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகிறது. அதன் முதன்மைக் கருவி, கடலிலிருந்து திரும்பும் ஒளியை 200-க்கும் மேற்பட்ட நிறக்கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. கடல்நீரில் மிதக்கும் நுண்தாவரங்களில் பச்சையம் உண்டு. ஒவ்வொரு வகையும் ஒளியை ஒவ்வொரு விதமாக உறிஞ்சும். ஆகவே நிறத்தைக் கொண்டே எந்த வகை பெருகியிருக்கிறது என்று கணிக்கலாம். நம் வீட்டுக் குழம்பில் கிடக்கும் கெம்போங் மீனுக்கும் இரை அந்த மிதவை உயிர்களே. செயற்கைக்கோளின் மற்ற இரு கருவிகள் ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்து, காற்றில் இருப்பது புகையா, தூசியா, கடல் உப்பா என்று பிரித்தறிய உதவுகின்றன. முகில் துளிகள் உருவாவதும் அத்தகைய துகள்களைப் பற்றிக்கொண்டுதான்.

இனி, உங்களிடம் கேட்பது. ஒவ்வோர் இடத்தையும் சூரியக் கணக்கில் பகல் ஒரு மணி வாக்கில் பேஸ் கடக்கிறது. நம் கடிகாரமோ பினாங்கின் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. ஆகவே நமக்கு அது ஏறத்தாழ 2.15 மணி, நாளுக்கு நாள் சற்று முன்பின் ஆகும். அந்நேரம் பிள்ளைகள் பள்ளியில் இல்லை, உங்களோடு இருப்பார்கள். ஐந்து நிமிடம் வெளியே நின்று, முகில் எவ்வளவு, கொடிமலை (பினாங்கு மலை) தெளிவாகத் தெரிகிறதா, கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கடல் என்ன நிறம் என்று எழுதட்டும். சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள். முகில் மூடிய நாளில் செயற்கைக்கோளுக்கும் நம் கடல் தெரியாது. அதையும் எழுதத்தான் வேண்டும். தரவுகள் எல்லாருக்கும் இலவசம் என்பதால், பிள்ளைகள் எழுதியதை அந்தந்த நாள் படத்தோடு வகுப்பில் வைத்துப் பார்ப்போம்.

இது தேர்வுக்கு வருமா என்று சிலர் கேட்டீர்கள். வராது. ஆனாலும் தான் மூச்சுவிடும் காற்றைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளை கேள்வி கேட்கப் பழகுவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் யாரும் வெளியே நிற்க வேண்டாம். சன்னல் வழியாகப் பார்த்தால் போதும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்த வாரமே வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். பள்ளிப் பையில் இன்ஹேலர் இருக்கட்டும்.

குறிப்பேட்டை வெள்ளிக்கிழமைதோறும் கொடுத்தனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் நீங்கள் திருத்த வேண்டாம். அவர்கள் கண்ணால் கண்டது அவர்கள் கையெழுத்திலேயே வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை