ஆள் இல்லை என்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஒடிசா, பீகார் வரை போய் ஆள் கூட்டி வருகிறார்கள். எங்கள் காம்பவுண்டிலேயே ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) தெரிந்த இரண்டு பேரும் பேக்கிங் தெரிந்த ஒருத்தியும் வேலைக்குப் போகாமல் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் கைக்குழந்தை.

நான் செக்கிங் வேலை, அதாவது தைத்த துணியில் பழுது பார்க்கிற வேலை, செய்கிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்ததால் பிரசவத்துக்கு 26 வாரமும் பணம் வந்தது. அதில் குறையில்லை. கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கிற பெண்கள் பலருக்கு அதுவும் கிடையாது. (தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷம் விடுப்பு. பொறாமையில் சொல்லவில்லை, பிள்ளை எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் வளர்கிறது.) லீவு முடியும்போது குழந்தைக்கு ஆறு மாதம். அங்கன்வாடியில் உட்கார வைக்க இரண்டு வயதாக வேண்டும். நடுவில் உள்ள ஒன்றரை வருஷம் யார் பார்ப்பது? ஊரில் இருந்தால் அம்மாச்சி பார்க்கும். இங்கே பக்கத்து வீட்டு அக்காதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கால்வாசியை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நான்கு பிள்ளைகளை ஒற்றை அறையில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறார். அவர் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் எனக்கும் சம்பளமில்லாத லீவு.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் இருந்தால் காப்பக அறை வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னதுதான். முன்பு நான் இருந்த கம்பெனியிலும் அறை இருந்தது. சுவரில் முயல் படம், இரண்டு தொட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள். சாவி ஆபீசில் இருக்கும். சரக்கு வாங்கும் பையர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு (சோதனைக்கு) ஆள் வரும் அன்று திறந்து, கூட்டித் துடைத்து, யாராவது ஒருத்தியை ஆயா மாதிரி உட்கார வைப்பார்கள்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த அறையைத் தினமும் திறந்து வைத்திருந்தாலும் நான் பிள்ளையைக் கொண்டு போயிருப்பேனா என்பது சந்தேகம்தான். காலையில் கம்பெனி வேனில் நின்றுகொண்டு போகிறோம். மாசக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற முடியாது. யாரும் கொண்டு வருவதில்லை, அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம் என்று ஆபீசில் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதோடு 50 பேர்கூட இல்லாத, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. அங்கே இருப்பவர்களை அந்த 50 பேர் காப்பக விதி தொடுவதே இல்லை.

காப்பகம் நாங்கள் குடியிருக்கும் இடத்தில் வேண்டும். காப்பகத்தைக் கம்பெனி தனியாகத்தான் நடத்த வேண்டும் என்றில்லை, பொது வசதியாகவும் வைக்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 15 வேலம்பாளையத்திலும் அனுப்பர்பாளையத்திலும் பத்துக் கம்பெனிகள் பணம் போட்டு இடத்துக்கொரு வீடு பிடித்தால் முடிகிற காரியம். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு மத்திய அரசின் பால்னா திட்டமும் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கலாம். மாநகராட்சியும் ஏற்றுமதியாளர்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

பேசும்போது நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஆர்டர் அவசரம் என்றால் எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை ஆகிவிடும். சாயங்காலம் நாலு மணிக்குப் பூட்டுகிற காப்பகத்தைத் திறந்துவிட்டு, அதற்கும் யாரும் வரவில்லை என்று எழுதி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
செக்கிங் தொழிலாளி ஒருத்தி,
15 வேலம்பாளையம், திருப்பூர்.
(பெயர் போட வேண்டாம்.)