பல்லுயிர்ப் பதிவேட்டை ஊரார் முன்னால் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிச்சாவரம் அலையாத்திக் காடு (கடலோரச் சதுப்புநிலக் காடு) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022-ல் அது முக்கிய ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்ததையும் படகுச் சவாரியையும் எழுதியிருந்தீர்கள். அந்தக் காடு எப்படிச் சீரழிந்தது, எப்படித் திரும்ப வந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். டெல்லியில் எடுக்கிற ஒரு முடிவு நம் ஊர்ச் சேற்றில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் மாவட்டத்தில் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டிய பல்லுயிர்ப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லத்தான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்காகவும் மரத்துக்காகவும் அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. மரம் போன இடத்தில் மண் காய்ந்து அமுங்கிக் குழியானது. கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறியது. அதில் அலையாத்தி விதை முளைக்காது. ஆனால் பழி விழுந்தது மாடு மேய்த்தவர்கள் மேலும் விறகு பொறுக்கியவர்கள் மேலும்தான்.

1988 தேசிய வனக் கொள்கையும், அதையொட்டி 1990-ல் மத்திய அரசு அனுப்பிய கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கையும் இந்தப் பார்வையை மாற்றின. ஊராரைச் சேர்த்துக்கொண்டு காட்டைக் காக்கலாம் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது. அப்புறம்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். ஏற்றவற்றத்தில் தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிழைத்தது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எப்படித் தப்பின என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதே எண்ணத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது 2002 பல்லுயிர் பெருக்கச் சட்டம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்த ஊரின் மரம், மீன், மூலிகை, பழைய நெல், அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்த விஷயம் எல்லாவற்றையும் அந்தக் குழு பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2004 விதிகள் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றன. 18 விழுக்காடாவது பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. கிள்ளைப் பக்கம் கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிக்கிற இருளர் பெண்களுக்குச் சட்டப்படி நாற்காலி போட்ட ஏற்பாடு இது. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் நடந்தது வேறு. பல ஆண்டுகள் குழுக்களே அமையவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதி வரை கெடு வைத்து, தவறினால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் நாடு முழுக்கப் பதிவேடுகள் வேகமாக எழுதப்பட்டன. அந்த அவசரத்தில் ஊராரை உட்கார வைத்துக் கேட்க நேரம் எங்கே இருந்திருக்கும்? 2023 திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு வெறும் அபராதம் ஆக்கியதும் எனக்குக் கவலை தருகிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. உயிரியல் வளத்தைப் பயன்படுத்த அனுமதி தரும்போது இந்தக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. சரி, ஒரு தொழிற்சாலையோ துறைமுகமோ வந்து அந்த வளம் இருக்கும் இடமே போய்விட்டால்? சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006 அறிவிக்கையில் இந்தக் குழுவைக் கேட்டாக வேண்டும் என்ற விதியே இல்லை. கடலூர் மாதிரி ரசாயன ஆலைகளும் கழிமுகங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இது சின்னக் குறை இல்லை. மத்திய அரசு அந்த அறிவிக்கையைத் திருத்தி, பதிவேட்டையும் குழுவின் கருத்தையும் கட்டாயமாக்க வேண்டும். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான ஊசுட்டேரியில் புதுச்சேரிப் பக்கம் 2008-லேயே பறவைகள் சரணாலயம் ஆனது, தமிழ்நாட்டுப் பக்கம் பல ஆண்டுகள் கழித்துத்தான். இப்படிப்பட்ட இடங்களுக்கும் நாடு முழுவதற்குமான விதிதான் பாதுகாப்பு.

அதுவரை நாமே செய்யக்கூடியது உண்டு. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது பதிவேட்டை முழுதாகப் படித்து, விட்டுப்போனதைச் சேர்க்கலாம். பேரூராட்சிகளில் பகுதி சபையில் படிக்கலாம். பண்ருட்டியில் பழைய பலா மரங்களைப் பெயரோடு சொல்லும் விவசாயிகள் இருக்கிறார்கள். மீனின் சரியான பெயரை உறுதிசெய்ய பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். கடலோரப் பஞ்சாயத்துகளுக்குப் போய்ப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குழு உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று ஊர் வாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்