ஓரையும் வாட்சும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்கு நம் ஊர் வெயிலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் பேனாவைத் தொடவே மனம் வருவதில்லை. தம்பி மகள் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீடு குடியாத்தம் பக்கம், நல்ல மனுஷர்கள். பந்தியில்தான் கொஞ்சம் தள்ளுமுள்ளு.

உன் பேத்தி கேட்ட கேள்வியை நான்கு பேரிடம் சொல்லிச் சிரித்துவிட்டேன். ‘செகண்ட் என்றால் இரண்டாவதுதானே தாத்தா, அப்போ முதலாவது எங்கே?’ முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தேன், ஒரு பிள்ளை என்னை இப்படிக் கேட்டதில்லை. அவளிடம் சொல், முதலாவதுதான் மினிட். லத்தீனில் ஒரு மணியை அறுபதாகப் பிரித்ததை ‘முதல் சிறு பகுதி’ என்றார்கள். அதில் சிறியது என்ற பாதி மட்டும் தங்கி மினிட் ஆனது. அந்தத் துண்டை மறுபடி அறுபதாக்கினால் ‘இரண்டாம் சிறு பகுதி’. அதில் இரண்டாம் என்பது மட்டும் தங்கிவிட்டது. இந்த அறுபது பாபிலோனியர்கள் கொடுத்த கணக்கு. நம்மவர்களும் அறுபதைத்தான் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் மணியை விட்டுவிட்டு முழு நாளையே அறுபதாக வெட்டினார்கள். அதனால்தான் நாழிகைக்கு 24 நிமிஷம், அதையும் அறுபதாக்கிய விநாழிகைக்கு 24 செகண்ட். ஒரு நிமிஷம் இரு என்கிறோமே, அந்த நிமிஷம் முதலில் வெறும் கண்ணிமைப்பு. அதை அறுபது செகண்டாக நீட்டியது நாம்தான்.

நிச்சயதார்த்தத்தில் நடந்ததையும் கேள். சுக்கிர ஓரையில் தட்டு மாற்ற வேண்டும் என்று எங்கள் பெரியம்மா பிடிவாதம். மாப்பிள்ளையின் சித்தப்பா, ரொம்பப் படித்தவர், ‘இன்னும் ஓரை, ஹோரை என்று பார்க்கிறீர்களா?’ என்று கையில் இருந்த வாட்சைத் தட்டிக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. ‘சார், உங்கள் வாட்சில் ஓடுகிற ஹவரும் பெரியம்மா சொல்கிற ஓரையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்’ என்றேன். கிரேக்கத்தில் ஹோரா. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய் ஹவர் ஆனது. யவன ஜோதிடத்தோடு, அதாவது கிரேக்கர் ஜோதிடத்தோடு, இந்தப் பக்கம் வந்தது ஓரை ஆனது. பழைய ஜோதிட நூலாசிரியர் வராகமிகிரர் காலத்திலேயே இதற்கு உள்ளூர் விளக்கம் ஒன்று உண்டு. இரவும் பகலும் சேர்ந்த ‘அஹோராத்ர’ என்ற சொல்லில் தலையையும் வாலையும் நறுக்கினால் ஹோரா என்று. கெட்டிக்கார விளக்கம்தான், ஆனால் நான் யவனர் பக்கம்.

ஓரைக் கணக்கு வேடிக்கையானது. ஒரு நாளுக்கு 24 ஓரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகம். ஞாயிற்றுக்கிழமை சூரியோதயத்தில் சூரிய ஓரை. அப்புறம் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடி சூரியன். இப்படியே 24 ஓரை எண்ணிவிட்டு 25ஆவது எதுவென்று பார், சந்திரன். அதாவது திங்கள் காலை. அங்கிருந்து 24 எண்ணினால் செவ்வாய். வானத்தில் அந்த வரிசை இல்லாதபோது கிழமைகள் ஏன் இப்படி அடுக்கியிருக்கின்றன என்பதற்கு இதுதான் பதில். ரோமாபுரிக்காரர்களும் இதே கணக்கைத்தான் சொன்னார்கள். ஞாயிறும் சண்டேயும், திங்களும் மண்டேயும் ஜோடி பிசகாமல் நிற்பது அதனால்தான். சித்தப்பா அப்புறம் வாட்சைத் தட்டவில்லை. பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்து ஹவர் இன்றைக்குப் போல விறைப்பானதும் இல்லை. ரோமாபுரியில் பகல் எத்தனை நீளமானாலும் பன்னிரண்டு கூறு. கோடையில் மணி நீளும், குளிரில் சுருங்கும். சிரிக்காதே, நாமும் அப்படித்தான். ராகு காலம் ஒன்றரை மணி என்று தினசரிக் காலண்டரில் போட்டிருப்பது, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல் என்று வைத்துக்கொண்ட சௌகரியக் கணக்கு. முறையாகப் பார்த்தால் பகலில் எட்டில் ஒரு பங்கு. வேலூரில் ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்தை நெருங்கும், டிசம்பரில் 11½ மணிக்குள் அடங்கிவிடும். ராகுவும் அதற்கேற்ப நீண்டு குறுக வேண்டும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, இருக்கிற நேரச் சண்டை போதும்.

உச்சிப்பொழுதைச் சொல்லும் நூன் என்ற இங்கிலீஷ் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். அது லத்தீன் ஒன்பது. விடியலிலிருந்து ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று. மடத்துத் துறவிகள் அந்த வேளைப் பிரார்த்தனை முடிந்துதான் விரதம் விடுவார்கள். பிரார்த்தனை மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்ந்து உச்சிப்பொழுதில் வந்து உட்கார்ந்துவிட்டது. பசிதான் இழுத்தது என்று நான் நினைக்கிறேன். கிளாக் என்றால் ஆதியில் கோயில் மணி, நம் மணியைப் போலவே. வாட்ச் என்றால் காவல் முறை. வாட்ச்மேனும் கைவாட்சும் ஒரே வீடு.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் இருக்கிறதே, ஞாபகம் உண்டா? அரைவட்டக் கல், குச்சியை வைத்தால் நிழல் விழும் கோட்டில் பொழுது தெரியும். அந்தக் கல்லுக்கு இந்திய நேரம் தெரியாது. 1906இல் வந்த அந்த நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையில் சூரியன் இருப்பதை வைத்தது. நாம் அதற்கு மேற்கே 79இல் இருக்கிறோம், சராசரியாகப் பதினான்கு நிமிஷம் பின்னால். அதற்கு முன் ரயில்காரர்கள் நாடு முழுக்க வைத்திருந்த மெட்ராஸ் நேரத்துக்கும் நாம் ஐந்து நிமிஷம் பின்தான். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856இல் முதல் ரயில் வரும்வரை இந்த ஐந்து நிமிஷம் யாருக்கு வேண்டியிருந்தது?

சூரியனும் வருஷம் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. பிப்ரவரி நடுவில் போனால் கல் நம் வாட்சுக்கு அரைமணிக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்தில் இரண்டும் அநேகமாக ஒத்துப்போகும், ஓரிரு நிமிஷம் கல்லே முந்தும். அதனால் தீபாவளி ஒட்டி வா, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. மழை இல்லாத நாளாகப் பார்த்து விரிஞ்சிபுரம் போகலாம். காட்பாடிக்கு எந்த வண்டியில் வருகிறாய் என்று முன்கூட்டி எழுது. நடுராத்திரி வண்டி மட்டும் வேண்டாம், ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்கு நீ ஊருக்கே திரும்பிவிடலாம்.

அன்புடன்,
ராமலிங்கம்