ஜே பீக் மலையும் உன் இபி-5 கேள்வியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து இப்போது கைத்தடி இல்லாமலே கோயில் வரை நடக்கிறாளாம், அண்ணன் வீடியோ அனுப்பியிருந்தான். உன் பெண் பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை. நீ எழுதியிருப்பது போல உன் கிரீன் கார்டு முறை வருவதற்குள் அவளுக்கு 21 முடிந்துவிட்டால் அவள் உன் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவாள் என்ற பயம் இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உனக்கே தெரியும். அதனால், அமெரிக்காவில் முதலீடு போட்டுக் கிரீன் கார்டு வாங்கும் இபி-5 பக்கம் நீ திரும்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஊரில் இருக்கும் மனையை விற்று ஏஜென்ட் சொல்லும் அந்த ஹோட்டல் திட்டத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "உங்கள் வெர்மான்ட்டில் ஏதோ ஸ்கீ ரிசார்ட்டில் பெரிய மோசடி நடந்ததாமே, அது என்ன கதை?" என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அந்த இடத்தின் பெயர் ஜே பீக். பர்லிங்டனிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம், கனடா எல்லைக்குச் சில மைல்தான். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மிக அதிகமாகப் பனி விழும் ஸ்கீ மலைகளில் ஒன்று, ஆண்டுக்கு 300 அங்குலத்துக்கு மேல் கொட்டும். அறுபது பேர் நின்றுகொண்டே உச்சிக்குப் போகும் தொங்கு ரயில் பெட்டி ஒன்று இருக்கிறது, டிராம் என்பார்கள், 1960களில் ஒரு மரக் கம்பெனி மலையை வைத்திருந்தபோது போட்டது. என் பெண் ஸ்கீயிங் கற்றுக்கொண்டது அங்கேதான். காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்த டிராமுக்குள் அறுபது பேரும் ஹெல்மெட்டும் பூட்ஸுமாக ஒட்டி நிற்க, கண்ணாடி முழுக்க உறைபனி படிந்து வெளியே எதுவும் தெரியாமல், மேலே போய்ச் சேரும்போது கதவைத் திறப்பவர் முதலில் சுத்தியலால் பனியைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்.

மலை நல்ல மலை, ஆனால் அதைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களும் வெர்மான்ட்டிலேயே வசதி குறைந்தவை. நார்த் ஈஸ்ட் கிங்டம் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். பால் பண்ணைகள், மர ஆலைகள், மூடிய தொழிற்சாலைகள். வேலைக்காக ஏங்கிக் கிடந்த பகுதி என்பதை மனதில் வைத்துக்கொள், நடந்தது எல்லாம் அதை வைத்துத்தான்.

ரொம்ப வருடங்கள் ஒரு கனடா கம்பெனி மலையை வைத்திருந்தது. பில் ஸ்டெங்கர் என்பவர் 1980களிலிருந்து நிர்வாகம் பார்த்தார், ஊரில் அவருக்கு நல்ல பெயர். 2008இல் மயாமியைச் சேர்ந்த ஏரியல் குய்ரோஸ் என்ற தொழிலதிபர் ரிசார்ட்டை வாங்கினார். ஸ்டெங்கர் கூட்டாளியாகத் தொடர்ந்தார். வாங்கிய பணத்தில் பெரும்பகுதி, அதாவது 2 கோடி டாலருக்கு மேல், யாருடையது தெரியுமா? ஹோட்டல் கட்டுவதற்கென்று முதல் இரண்டு திட்டங்களில் இபி-5 முதலீட்டாளர்கள் போட்ட பணம் என்றுதான் பின்னால் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தன் வழக்கில் சொன்னது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை மாப்ளே. நம்மைப் போன்றவர்கள் பிள்ளைகளுக்காகச் சேர்த்த பணத்தில் ஒருவர் மலையையே தன் பேருக்கு வாங்கிக்கொண்டார், பணம் கொடுத்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு கல்கூடச் சொந்தமில்லை.

அப்போது இபி-5க்கு 5 லட்சம் டாலர் போதும். வேலைவாய்ப்பு குறைந்த பகுதியில் போட வேண்டும், ஒவ்வொருவர் பணத்துக்கும் பத்து வேலை உருவாக வேண்டும், அப்போதுதான் இரண்டு வருட நிபந்தனை கார்டு நிரந்தரமாகும். இபி-5 பணத்தைத் திட்டங்களுக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்புக்கு 'ரீஜனல் சென்டர்' என்று பெயர், மற்ற இடங்களில் தனியார் கம்பெனிகள் நடத்தும் அதை இங்கே மாநில அரசே நடத்தியது. அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்பதுதான் ஜே பீக்கின் பெரிய விளம்பரம். ஆளுநரே விளம்பர வீடியோவில் வந்து பேசினார். திட்டத்தை விற்பதும் கண்காணிப்பதும் ஒரே துறை என்றால் கண்காணிப்பு எப்படி நடக்கும்? எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய கோபம் இதன் மேல்தான். குய்ரோஸைப் பற்றித் தைவானிலோ பிரிட்டனிலோ உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை, அவர் நம்பியது வெர்மான்ட் மாநிலத்தின் முத்திரையை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டடங்கள் எழும்பின. டிராம் ஹவுஸ் லாட்ஜ், ஹோட்டல் ஜே, ஐஸ் ஹாக்கி அரங்கம், ஜனவரியில் வெளியே மைனஸ் இருபதில் இருக்கும்போது உள்ளே குழந்தைகள் நீச்சல் உடையில் ஓடும் உள்ளரங்க வாட்டர் பார்க். எல்லாம் கண்ணால் பார்க்கலாம், நாங்களே போயிருக்கிறோம். ஊர்ப் பையன்களுக்கு வேலை கிடைத்தது. அதனால்தான் யாரும் ரொம்ப நாள் கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஒரு திட்டத்துக்கென்று வாங்கிய பணத்தை எடுத்து முந்தைய திட்டத்தின் துண்டை அடைப்பது, அடுத்ததில் வருவதை வைத்து இதை அடைப்பது என்று, நம்மூரில் ஓடிப்போகும் சீட்டுக் கம்பெனி செய்யும் அதே வேலைதான் உள்ளே நடந்தது.

முதல் திட்டத்தில் பணம் போட்ட 35 பேருக்கு நடந்ததை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படி. அவர்கள் லாட்ஜின் கூட்டு உரிமையாளர்கள், காகிதத்தில் பங்கு இருந்தது. 2013 ஆகஸ்டில் அந்தப் பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பிணையே இல்லாத கடன் பத்திரமாக மாற்றிவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. மாற்றிய விஷயமே அவர்களுக்கு 2014 ஜனவரியில்தான் தெரிந்தது. சொந்தக்காரனாகப் படுத்தவன் கடன்காரனிடம் காத்து நிற்பவனாக எழுந்திருக்கிறான். அவர்களில் சிலர் விடாமல் மாநிலத்துக்கு எழுதினார்கள், பத்திரிகைக்காரர்களிடம் பேசினார்கள். வெளிச்சம் அங்கிருந்துதான் விழுந்தது.

அதற்கு முன்பே, 2012இல், இன்னும் பெரிய அறிவிப்பு வந்திருந்தது. நியூபோர்ட் நகரத்தில் ஏரிக்கரை ஹோட்டல், மெயின் ஸ்ட்ரீட்டில் புதுக் கட்டடத் தொகுதி, விமான நிலைய விரிவாக்கம், ஏஎன்சி பயோ என்ற கொரியக் கூட்டில் ஒரு உயிரித் தொழில்நுட்ப ஆலை, பக்கத்து பர்க் மலையில் புது ஹோட்டல், எல்லாம் சேர்த்து 50 கோடி டாலர், பத்தாயிரம் வேலை. ஆளுநர் உட்பட பெரிய தலைகள் மேடையில் இருந்தார்கள். இந்தப் பட்டியலில் பர்க் ஹோட்டல் ஒன்றுதான் ஒழுங்காக எழும்பியது. ஏஎன்சி பயோவுக்கு மட்டும் 150க்கும் மேற்பட்டவர்களிடம் 8 கோடி டாலருக்கு மேல் வாங்கினார்கள், ஆலை வரவே இல்லை. மற்ற ஹோட்டல்களில் போட்டவர்களுக்காவது காட்டுவதற்குக் கட்டடமும் வேலைக் கணக்கும் இருந்தது, பலருக்குக் கார்டும் வந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

நியூபோர்ட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மெம்ஃபிரமேகாக் ஏரிக்கரையில் அழகான சின்ன ஊர். 2015இல் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு வரிசைக் கட்டடங்களை முழுதாக இடித்தார்கள், புதுசு கட்டப் போகிறோம் என்று. கட்டவில்லை. கடைத்தெருவுக்கு நடுவில் வேலி போட்ட பெரிய பள்ளம், உள்ளே செங்கல் துண்டும் களைச்செடியும். ஊர்க்காரர்கள் அதற்கு 'லிட்டில் பெய்ரூட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே இருந்த கடைகள் சுமாராகவாவது ஓடிக்கொண்டிருந்தவைதானே. வாக்குறுதி கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தத் தெரு அப்படியே இருந்திருக்கும்.

2016 ஏப்ரலில் ஆணையம் வழக்குப் போட்டுச் சொத்துகளை முடக்கியது. 74 நாடுகளிலிருந்து 35 கோடி டாலருக்கு மேல் திரட்டியது, அதில் 20 கோடிக்கு மேல் சொன்ன காரியத்துக்கு இல்லாமல் வேறு வழியில் போனது, 5 கோடி குய்ரோஸின் சொந்தச் செலவுக்கும் வெளியே சொல்லாத மற்ற வழிகளுக்கும் போனது என்று குற்றச்சாட்டு. நீதிமன்றம் மைக்கேல் கோல்ட்பர்க் என்ற வழக்கறிஞரை ரிசீவராக, அதாவது முடக்கிய சொத்துகளைப் பார்த்துக்கொள்பவராக, நியமித்தது, நல்லவேளை மலை மூடப்படவில்லை, ஸ்கீ சீசன் நடந்துகொண்டே இருந்தது. முதலீட்டாளர் பணம் புழங்கிய கணக்குகள் ரேமண்ட் ஜேம்ஸ் நிறுவனத்தில் இருந்தன, அங்கே கணக்கைக் கவனித்தவர் ஒரு காலத்தில் குய்ரோஸுக்கு மருமகனாக இருந்தவர். 2017இல் அந்த நிறுவனம் 15 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது, அதிலிருந்துதான் கான்ட்ராக்டர் பாக்கியும் முதலீட்டாளர்களில் ஒரு பகுதியினரின் பணமும் அடைந்தது. 2018இல் மாநிலத்தின் ரீஜனல் சென்டருக்கான அனுமதியைக் குடிவரவுத் துறை ரத்து செய்தது. 2022 ஏப்ரலில் குய்ரோஸுக்கு ஐந்து வருடம், ஸ்டெங்கருக்குப் பதினெட்டு மாதம் சிறை. முதலீட்டாளர்கள் தொடர்ந்த வழக்குகளை முடிக்க 2023இல் வெர்மான்ட் அரசு 1.65 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

மலையா? 2022இல் ஏலத்தில் பசிபிக் குரூப் ரிசார்ட்ஸ் என்ற யூட்டா கம்பெனி 7.6 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. பர்க் மலை இன்னும் பல வருடம் ரிசீவர் கையிலேயே இருந்து, 2025இல் உள்ளூர்த் தொடர்புள்ள ஒரு குழுவுக்குப் போனது. அந்த மலையடிவாரப் பள்ளியில்தான் ஸ்கீ வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின் படித்தார், என் பெண்ணுக்கு அதில் ஒரே பெருமை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் சட்டத்தை மாற்றினார்கள். குறைந்தபட்சம் இப்போது 8 லட்சம் டாலர். பணத்தைத் தனி நிர்வாகி கண்காணிக்க வேண்டும் அல்லது தணிக்கை நடக்க வேண்டும் என்று வந்திருக்கிறது, கிராமப்புறத் திட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, ஏற்கனவே இங்கே எச்-1பி வேலை விசாவில் இருக்கும் உன் போன்றவர்கள், விசா எண் கையிருப்பில் இருந்தால், முதலீட்டு மனுவையும் கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் ஒன்றாகவே போடலாம். உன்னிடம் வந்த ஏஜென்ட் இந்த நல்ல பக்கத்தை எல்லாம் சொல்லியிருப்பார், அதில் பொய் இல்லை. ஆனால் நீ அனுப்பிய படங்களில் வாட்டர் பார்க் இருக்கிறது, ஏரி இருக்கிறது, அமைச்சர் கைகுலுக்கும் படம் இருக்கிறது. நிலம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பது ஒரு பக்கத்திலும் இல்லை. வங்கிக் கடன் எவ்வளவு, உனக்கு முன்னால் யாருக்குப் பணம் போகும், உன் பங்கை உன் கையெழுத்து இல்லாமல் மாற்ற அவர்களுக்கு ஒப்பந்தத்தில் அதிகாரம் இருக்கிறதா, வேலைக் கணக்கு ஏற்கனவே நடக்கும் கட்டுமானத்தை வைத்தா இனிமேல் வரப்போவதை வைத்தா? இதைக் கேள். அவர்கள் சிபாரிசு செய்யும் வக்கீலிடம் கேட்காதே, அவர்களிடமிருந்து ஒரு டாலரும் வாங்காதவரிடம் உன் காசு கொடுத்துக் கேள். நிர்வாகியின் பெயர் என்ன, அவருக்கும் திட்டக்காரருக்கும் உறவு உண்டா என்பதையும் விடாதே.

என் மனதைக் கேட்டால், இந்தத் திட்டத்துக்காக மனையை விற்காதே என்பேன். உன் அப்பா சுற்றுச்சுவர் கட்டிவைத்த மனை அது. இபி-5யே வேண்டாம் என்று சொல்லவில்லை, பெண்ணுக்காக நீ எடுக்கும் முடிவில் குறுக்கே நிற்க எனக்கு உரிமையும் இல்லை. பதில் வராத திட்டத்தில் போடாதே, அவ்வளவுதான். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முழுசாக ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை உட்கார்ந்து படிக்கிறேன், இரண்டு பேர் படித்தால் ஏதாவது கண்ணில் படும்.

பிப்ரவரி விடுமுறையில் குடும்பத்தோடு வாருங்கள். பெண்கள் இரண்டு பேரையும் மலையில் விட்டுவிட்டு நாம் கீழே உட்கார்ந்து பேசலாம். உன் வீட்டம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும், கம்பளிக் கோட்டு எங்களிடமே நாலைந்து இருக்கிறது, வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்