பிறந்த நாளிலேயே ஒற்றுமை இல்லை

ஆசிரியருக்கு,

கம்யூனிஸ்ட் கட்சிகள் ஒன்றாக இணைய வேண்டும் என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல ஆசைதான். ஆனால் கட்சி எப்போது பிறந்தது என்பதிலேயே இவர்களுக்குள் ஐந்து வருட வித்தியாசம். 1925 டிசம்பர், கான்பூர் என்கிறது சி.பி.ஐ. (இந்திய கம்யூனிஸ்ட் கட்சி). 1920 அக்டோபர், தாஷ்கண்ட் என்கிறது அதிலிருந்து 1964-இல் பிரிந்த சி.பி.எம். (மார்க்சிஸ்ட் கட்சி). அதனால் நூற்றாண்டு விழாவையும் தனித்தனியாகத்தான் கொண்டாடினார்கள்.

1964 பிளவுக்கு சீனா பக்கமா, ரஷ்யா பக்கமா என்ற தகராறைக் காரணம் சொல்வது பாதிக் கதை. காங்கிரசை என்ன செய்வது என்பதுதான் உண்மையான சண்டை. காங்கிரஸ் ஆட்சி 1975-இல் கொண்டுவந்த நெருக்கடி நிலையை சி.பி.ஐ. ஆதரித்தது, சி.பி.எம். எதிர்த்தது. 1996-இல் காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிய மத்திய அமைச்சரவையில் சி.பி.ஐ. சேர்ந்து இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சரானார். தன் தலைவர் ஜோதிபாசுவுக்குப் பிரதமர் நாற்காலியே தேடி வந்தும் சி.பி.எம். வேண்டாம் என்றது. அதை வரலாற்றுப் பிழை என்று பாசுவே பின்னால் சொன்னார்.

இன்று அந்தச் சண்டைக்கு என்ன அர்த்தம்? 2024-இல் இரு கட்சிகளும் காங்கிரஸ் இருந்த அணியிலேயே தமிழகத்தில் நின்றன. (கேரளத்தில் அதே காங்கிரசோடு மோதல், அது தனிக் கூத்து.) நாடு முழுவதும் சி.பி.எம்.முக்கு நாலு எம்.பி., சி.பி.ஐ.க்கு இரண்டு. அப்புறம் 1969-இல் தேர்தலே வேண்டாம் என்று கிளம்பிய நக்சல்பாரி ஆயுதப் போராட்ட மரபில் வந்த லிபரேஷன் என்ற மூன்றாவது கம்யூனிஸ்ட் கட்சிக்கும் பீகாரில் இரண்டு.

எங்கள் தெருச் சுவரில் சி.பி.ஐ.யின் கதிர் அரிவாள் சின்னத்தைப் பார்த்துவிட்டு, "சுத்தியலை யார் அழிச்சது?" என்று பேரன் கேட்டான். சுத்தியல் இருப்பது சி.பி.எம். சின்னத்தில், அது வேறு கட்சி என்றேன். "எப்படி வேறு?" என்றான். 1964-இலிருந்து ஆரம்பித்தேன். நான் சீனாவுக்கு வருவதற்குள் அவன் விளையாடப் போய்விட்டான்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்